கோட்டையில் கேட்ட திறப்பு

டினே என்றால் மத்தியானச் சாப்பாடு. இதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை, என் கணவருக்கும் இருந்ததில்லை. கனடாவில் நாங்கள் இருக்கிற மொன்றியலில், எங்கள் ஊர்ப் பிரெஞ்சில், காலையில் சாப்பிடுவது டெஜுனே, மத்தியானம் டினே, இரவு சூப்பே. அவர் வேலை செய்த ஜன்னல் தொழிற்சாலையில் மணி அடித்தால் எல்லாரும் டினேக்குத்தான் எழும்புவார்கள். நான் சமைக்கிற கார்டரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், பல்லு முழுக்க முளைக்காத பிள்ளைகூடத் தட்டை நீட்டி டினே என்றுதான் கேட்கும். பிரான்சுக்காரர் இந்தச் சொற்களை ஒவ்வொரு படி தள்ளி வைத்திருக்கிறார்களாம். அங்கே மத்தியானச் சாப்பாடு டெஜுனேயாம், டினே என்றால் இரவுச் சாப்பாடாம். இது எனக்குத் தெரியவந்த விதத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

என் தம்பி பாரிசில் இருக்கிறான். நாட்டை விட்டு ஓடியபோது அவனுக்கு அந்தப் பக்கம் வழி கிடைத்தது, எனக்கு இந்தப் பக்கம். அவன் வீட்டுக்கு நாங்கள் முதன்முதலாகப் போனது போன கோடைக்கு முந்தின கோடை. அவனுக்கு எதையும் சும்மா செய்ய வராது. தேத்தண்ணி தந்தாலும் அந்தத் தேயிலை எங்கே வாங்கியது என்று ஒரு பிரசங்கம் வைத்துத்தான் தருவான். எங்களைக் கோட்டை பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதென்று அவனாகவே முடிவெடுத்திருந்தான். மத்திய காலத்துக் கோட்டைகளாம், பாதி இடிந்தவையாம், அந்த இடிந்ததில்தான் அழகாம்.

"அக்கா, சனத்தோட சனமா பஸ்ஸில போற அலுவல் இல்லை. எங்களுக்கெண்டு தனி வான், தனி வழிகாட்டி. ஒரே நாளில மூண்டு கோட்டை. ராசா மாதிரிப் போய் ராசாவின்ர வீட்டைப் பாப்பம்" என்றான்.

எனக்குக் கோட்டை என்ற சொல்லே ஆகாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரருக்குக் கோட்டை என்றால் ஷெல் வருகிற திசை. கோட்டைப் பக்கம் சத்தம் கேட்டால் உலையில் கிடந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். அதே கோட்டைக்கு இப்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுக்கவேண்டுமாம். இதைத் தம்பியிடம் சொன்னேன். "நீங்கள் இன்னும் அங்கயே நிக்கிறியள் அக்கா" என்றான். எங்கே நிற்கிறேன்? மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நிற்கிறேன். அதை அவனுக்குச் சொல்லி என்ன பயன்?

என் கணவருக்கு ஆனால் ஆசை. கோட்டையில் இல்லை, பிரான்சில். பிரெஞ்சு பிறந்த ஊரில் போய்ப் பிரெஞ்சு கதைக்கப் போகிறேன் என்று விமானத்தில் ஏறியதிலிருந்து சிறு பிள்ளை மாதிரி இருந்தார்.

அவருடைய பிரெஞ்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மன்னாரில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனுசன். இங்கே வந்து, பகலில் ஜன்னல் சட்டம் அடித்து, பின்னேரம் மொழி வகுப்பில் தூங்கி விழுந்து, மிச்சத்தைத் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்தார். அவர்களோ வாயைத் திறந்தால் தூசணம். அந்தத் தூசணம் எல்லாம் கோயில் சாமான்களின் பெயர். நற்கருணைப் பேழையும் திருக்கிண்ணமும் கியூபெக்கில் கெட்ட வார்த்தை என்று அறிந்த அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து சிலுவை போட்டார். அந்தச் சொற்களை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார். எங்கள் கோயில் பங்குச் சனத்தில் பாதிப்பேரின் வீட்டு வாடகைப் பிரச்சினையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பிரச்சினையும் இவருடைய வாயால்தான் தீர்ந்தது. காணி இல்லை, பட்டம் இல்லை. பெருமை என்று அவருக்கு இருந்தது அந்த ஒரு பாஷைதான்.

பாரிசில் முதல் நாளே தம்பி அதில் கை வைத்தான். பாண் கடையில் இவர் என்னவோ கேட்டதற்குக் கடைக்காரப் பெட்டை சிரித்துவிட்டாள். வெளியே வந்ததும் தம்பி, "அத்தான், இஞ்ச நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. உங்கட கனடாப் பிரெஞ்சைக் கேட்டா இவங்களுக்குப் பழைய காலத்து மாட்டு வண்டில் போற மாதிரி இருக்குமாம். நான் கதைக்கிறன்" என்றான். இவரும் சிரித்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன், தம்பி வீட்டில் முதல் நாளே சண்டை வேண்டாம் என்று.

கோட்டைக்குப் போகிற அன்று காலை வான் வந்தது. வழிகாட்டி நரைத்த தாடி, கழுத்தில் பூப்போட்ட துணி, சரித்திரம் படித்தவராம். தோல் ஆசனம் பழுதாகும், ஆகையால் சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்று முதல் பேச்சிலேயே சட்டம் போட்டார். நான் விடிய எழும்பிப் பொரித்த மீன் ரோல்ஸ் பின்பெட்டிக்குப் போனது. அதோடு என் கணவரின் பையும் போனது. அதற்குள்தான் அவருடைய டொபி, பிஸ்கட், சீனி பார்க்கிற மெசின் எல்லாம்.

இவருக்குச் சீனி வருத்தம். காலையில் போடுகிற ஊசி மத்தியானத்தில் நின்று வேலை செய்யும். அந்த நேரத்துக்கு வயிற்றில் சாப்பாடு விழாவிட்டால் சீனி இறங்கி ஆள் விழுந்துவிடுவார். இது எங்கள் வீட்டில் மணிக்கூடு மாதிரி நடக்கிற விஷயம். இவர் அசட்டையான ஆள் இல்லை. வான் வெளிக்கிட்டதும் தம்பி போட்ட தடையை மீறி, நல்ல தெளிவாக, தன்னுடைய பிரெஞ்சில் வழிகாட்டியிடம் சொன்னார்: "ஐயா, எனக்குச் சீனி வருத்தம். நான் டினேயை நேரத்துக்குச் சாப்பிடவேணும்."

"கவலையே வேண்டாம் ஐயா. டினேக்கு எவ்வளவோ முன்னமே நீங்கள் மேசையில் இருப்பீர்கள்" என்றார் வழிகாட்டி.

அவர் நினைத்தது இரவுச் சாப்பாடு. இவர் நினைத்தது மத்தியானம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டார்கள். மூன்றாவது கோட்டைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மேசை சொல்லியிருந்தது பகல் இரண்டரைக்கு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தம்பி முன் ஆசனத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான். அவனும் பாரிஸ்காரன் ஆகிவிட்டானே! இரவுச் சாப்பாட்டுக்கு அத்தான் காலையிலேயே அவசரப்படுகிறார் என்று நினைத்துத் தனக்குள் சிரித்தானாம். பிறகு அவனே சொன்னான்.

முதல் கோட்டையில் ஒரு மதிலும் ஒரு கிணறும்தான் மிச்சம். அந்த மதிலில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை சொன்னார் வழிகாட்டி. பனை வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற பொறுமை வேண்டும் அவரோடு நிற்க. முற்றுகை என்றால் என்ன என்று விளக்கினார். எதிரி வெளியே வளைத்து நிற்க, உள்ளே சனம் சாப்பாடு இல்லாமல் எலியையும் தோலையும் அவித்துத் தின்றதைக் கையை விரித்து விரித்து, வாயில் எச்சில் ஊறுகிற மாதிரிச் சொன்னார். முற்றுகையைப் பற்றி எங்களுக்குப் பாடம். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் இருந்த என் தம்பி, "சுப்பர், சுப்பர்" என்று தலையாட்டினான். எனக்கு அப்போதே சன்னதம் வந்திருக்கவேண்டும்.

இரண்டாவது கோட்டை பெரியது. கூரை போன மண்டபங்கள், புல் முளைத்த அறைகள், ஒரு கோபுரம் மட்டும் முழுதாக நின்றது. நல்ல வெயில். மத்தியானம் தாண்டிவிட்டது என்று என் வயிறே சொல்லியது.

"இஞ்சருங்கோ, பசிக்கேல்லையோ?" என்று இவரைக் கேட்டேன்.

"இப்ப கொண்டுபோய் இருத்துவினம். டினேக்கு முன்னம் எண்டு சொன்னவர்தானே. நீர் போய் மேல பாத்திட்டு வாரும், எனக்குப் படி ஏலாது" என்றார்.

கோபுரத்து உச்சியில் அரசனின் படுக்கையறை இருக்கிறதாம். போனேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று ஊரில் சொல்வார்கள். நான் அந்த அரசனை நம்பக்கூட இல்லை, அவன் படுத்த அறையில் புறா எச்சத்தைத்தான் பார்த்தேன். கீழேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் முற்றத்தில் வழிகாட்டி, தம்பி, இவர், பக்கத்தில் வேறு நாலைந்து சுற்றுலாக்காரர், எல்லாரும் சிரிக்கிறார்கள். இவரும் சிரிக்கிறார். பரவாயில்லை, மனுசன் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பி மூச்சு வாங்க மேலே வந்தான். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"அக்கா, அத்தான் என்ன கேட்டவர் தெரியுமோ? வழிகாட்டியிட்டப் போய் 'ஷாரின்ர திறப்பைத் தாங்கோ' எண்டு கேட்டவர். ஷார் எண்டா இஞ்ச யுத்த டாங்கியெல்லோ! அந்தாள் உடன, 'ஐயா, நாங்கள் டாங்கியில வரேல்லை, இந்தக் கோட்டையைப் பிடிக்க நீங்கள் ஐந்நூறு வரியம் பிந்தி வந்திட்டியள்' எண்டு ஒரு போடு போட்டான். சனம் விழுந்து விழுந்து சிரிச்சது."

மொன்றியலில் ஷார் என்றால் கார். தொழிற்சாலையில் வேலை முடிந்து எல்லாரும் ஏறிப்போவது ஷாரில்தான். இவர் கேட்டது வானைத் திறக்கிற திறப்பு, சாவி. அதுவெல்லாம் அந்த நேரத்தில் என் தலையில் ஓடவில்லை.

"திறப்பு ஏன் கேட்டவர்?" என்றேன்.

"ஆ?"

"அவர் ஏன்ரா வானின்ர திறப்புக் கேட்டவர்?"

தம்பியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. நான் படியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. முற்றத்தில் இவர் இல்லை. பூட்டின வானடியில், சில்லில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்தார். சட்டை தண்ணியில் தோய்த்த மாதிரி. உதடு வெளிறிப்போய், கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் ஆரென்று தெரியவில்லை. "மணி அடிச்சிட்டுதோ?" என்று தமிழில் கேட்டார்.

நான் போட்ட சத்தத்தில் அந்த மிச்சக் கோபுரமும் விழுந்திருக்கும். தள்ளுவண்டிலோடு நின்ற ஒரு இளம் தாய், தன் பிள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்த ஜூஸ் பைக்கற்றைப் பறித்து என் கையில் தந்தாள். பிள்ளை வீரிட்டது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினேன். வழிகாட்டி ஓடிவந்து பின்பெட்டியைத் திறந்தான். மன்னிக்கவேண்டும், இதற்குமேல் அவனுக்கு 'வந்தார்' என்று ரன்னா போட்டு மரியாதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பிஸ்கட், டொபி, மீன் ரோல்ஸ் எல்லாம் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இவருக்கு என் முகம் தெரியத் தொடங்கியது.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். பிழை யாருக்கும் வரும். ஆனால் அந்த வழிகாட்டி, இவர் ஒழுங்காக மூச்சு விடத் தொடங்கியதும், குனிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக நீட்டிச் சொன்னான்: "ஐயா, பிரெஞ்சில் இதை டெஜுனே என்று சொல்வோம். டினே என்று நீங்கள் சொன்னதால்தான் இந்தப் பிரச்சினை."

பிரெஞ்சில்! அப்படியென்றால் இவர் முப்பது வருசமாகக் கதைத்தது என்ன, தெலுங்கா?

தம்பி பக்கத்தில் நின்று, "அதுதானே அத்தான், நான் அப்பவே சொன்னனான், கனடாக் கதை இஞ்ச சரிவராது எண்டு" என்றான்.

"பொத்தடா வாயை" என்று தம்பிக்குத் தமிழில் சொன்னேன். பிறகு வழிகாட்டியின் பக்கம் திரும்பினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கார்டரிப் பிரெஞ்சு. அதில் கோபம் வந்தால் வருகிற சொற்கள், மூன்று வயதுப் பிள்ளை மற்றப் பிள்ளையைக் கடித்தால் சொல்கிற சொற்கள். அவைதான் வந்தன. "ஸே பா ஜான்ட்டி! இது நல்ல பிள்ளை செய்கிற வேலை இல்லை! ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது! மன்னிப்புக் கேள்! போய் அந்த மூலையில் இரு!" பிள்ளைகளோடு யாரும் நீங்கள் போட்டுக் கதைப்பதில்லை, அதனால் என் பிரெஞ்சு முழுக்க நீதான். நரைத்த தாடிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். உண்மையில் இரண்டடி பின்னால் போய் மதில் மூலையில் நின்றான். இன்னொரு நாளென்றால் நானே சிரித்திருப்பேன்.

என்னைத் தடுத்தது இவர். கையைப் பிடித்து இழுத்தார். பிறகு சில்லைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பி நின்று, அந்த மனுசனிடம், "மன்னிக்கவேணும் ஐயா. பிழை என்னுடையது" என்றார்.

அதைக் கேட்டபோது வந்த கோபம்தான் பெரிய கோபம். விழுந்து கிடந்தவன் எழும்பி, விழுத்தினவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். எங்கள் ஆட்களுக்கு யார் பழக்கினார்கள் இதை? உயிர் போகிற நேரத்திலும் எவருக்கும் கரைச்சல் குடுக்கக் கூடாது என்று. திறப்பைக் கேட்டார், சனம் சிரித்தது, தானும் சேர்ந்து சிரித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டின வானடியில் இருந்துவிட்டார். இன்னொரு தரம் கேட்க வெட்கமாக இருந்ததாம். இதை அன்று இரவு என்னிடம் மட்டும் சொன்னார்.

மூன்றாவது கோட்டைக்கும் போனோம். ஒழுங்குபண்ணினது வீணாகக் கூடாதாம், தம்பி சொன்னான், இவரும் "பாப்பம், பாப்பம்" என்றார். நான் வானை விட்டு இறங்கவில்லை, அந்தக் கோட்டை வட்டமா சதுரமா என்று எனக்கு இன்றும் தெரியாது. பிறகு சாப்பாட்டுக் கடையில் பரிமாற வந்த பெண் இவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். சாதாரணமாக இவர் அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பகிடி விட்டு, ஊர் எதென்று கேட்டு, குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லித்தான் சாப்பாட்டுக்கு வருவார். அன்று அட்டையில் விரலை வைத்துக் காட்டினார். அவள் போனபிறகு, வாய்க்குள், "டெஜுனே, டெஜுனே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டில் இருந்த இறைச்சியை நான் வெட்டின வெட்டில் தட்டு கீறுப்பட்டது.

மிச்ச நாட்களில் தம்பி எங்களைப் பாரிசின் இரும்புக் கோபுரத்துக்கும் ஆற்றுக்கும் எங்கள் ஆட்களின் லா ஷப்பல் கடைத்தெருவுக்கும் கூட்டிக்கொண்டு போனான். இவர் எல்லா இடத்திலும் தம்பிக்குப் பின்னால் நின்றார். தண்ணிப் போத்தல் வாங்கக்கூடத் தம்பியைத்தான் பார்த்தார். "இப்ப அத்தான் நல்ல பிள்ளை" என்று தம்பி முதுகில் தட்டினான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவன் என்றால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன்.

மொன்றியலில் விமானம் இறங்கியது. இந்த ஊரில் எந்த வாசலில் போய் நின்றாலும் "பொன்ஜூர், ஹை" என்று பிரெஞ்சையும் இங்கிலிசையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். நீங்கள் எதைத் திருப்பிச் சொல்கிறீர்களோ அந்தப் பாஷையில் மிச்சக் கதை போகும். இவர் இந்த ஊருக்கு வந்த காலத்திலிருந்து, பல் டொக்டரிடம் வாய் திறந்தபடி கிடந்தாலும், பொன்ஜூர் என்று மட்டும்தான் சொல்லுவார். அதுவும் பூசைக்கு மணி அடித்த மாதிரி, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க. குடிவரவு மேசையில் இருந்த பெட்டை எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து சிரித்தாள்.

"பொன்ஜூர், ஹை."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தொண்டையைச் செருமினார். நிலத்தைப் பார்த்தார்.

"ஹை" என்றார்.

தம்பி இன்றுவரை செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான். அத்தான் மயங்கி விழுந்ததற்காகத்தான் அக்கா கதைக்காமல் இருக்கிறா என்று அவன் நினைப்பு. மயங்கி விழுந்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.